எண்ணிக்கை சரி

திறக்கும் முன் எண்ணுவேன்.
மூடும் முன் எண்ணுவேன்.
பஞ்சுத் துணி இருபது, ஊசி நான்கு, கவ்வி பதினொன்று.
புந்தா அரேனாசின் காற்று
ஆஸ்பத்திரிக் கூரைத் தகரத்தைப் பிய்க்கப் பார்க்கும் நாளில்
கொஞ்சம் சத்தமாக எண்ணுவேன்.

செவ்வாய்க்கிழமை, லெயோனோர். வயது ஏழு.
அவளுக்கு ஒன்றுமில்லை.
காய்ச்சல் இல்லை, வாந்தி இல்லை,
பட்டினி போட்டதற்காக
வார்டு முழுவதையும் திட்டிக்கொண்டிருந்தாள்.
அப்பா வானிலைக்காரர்.
இரண்டு வருடம் பனிக்கண்டத்தில் வேலை, குடும்பத்தோடு.
அங்கே பள்ளி உண்டு, ரேடியோ உண்டு,
வயிற்றைத் திறக்க ஆளில்லை.
குடல்வாலை இங்கேயே விட்டுவிட்டுத்தான்
கப்பலேற வேண்டுமாம்.
அம்மாவுடையது திங்களன்று. அப்பாவுடையது போன மாதம்.

தொப்புளில் ஒரு துளை, கீழே இரண்டு.
வாயுவை நிரப்பினோம்; வயிறு கூடாரமாக எழுந்தது.
திரையில் பார்த்தேன்:
இளஞ்சிவப்பு, ஈரம், சுண்டுவிரல் நீளம்,
பெருங்குடல் தொடங்கும் மூலையில்
யார் வம்புக்கும் போகாமல் படுத்திருந்தது.
டாக்டர் பார்ரீயா ரத்தக்குழாயைச் சுட்டு மூடினாள்.
அடியில் சுருக்கு, மேலே இன்னொன்று, நடுவில் கத்தரி.
"மன்னித்துக்கொள்" என்றாள்.
யாரிடம் என்று நான் கேட்கவில்லை.

எண்ணிக்கை சரி.

வியாழன் இரவு, எலெயுதேரியோ மான்சீயா.
ஆட்டு ரோமம் கத்தரிப்பவர்,
நாளைக்கு நூற்றைம்பது ஆடு.
ஞாயிறன்று தொப்புளைச் சுற்றி என்னவோ பிசைந்ததாம்.
கறி கெட்டிருக்கும் என்றார்கள் கூட்டாளிகள்.
சோற்றைக் கண்டாலே குமட்டல்.
திங்களன்று வலி இடம் பெயர்ந்து
வலது இடுப்பெலும்புக்குப் பக்கத்தில் குடிவந்தது.
இருமினால் குத்தும்.
லாரி பள்ளத்தில் இறங்கினால் குத்தும்.
காலை மடக்கிப் படுத்தால் தேவலை.
படுக்க எங்கே நேரம்,
இன்னும் எழுநூறு ஆடு பாக்கி.

"நேத்து ராத்திரி வலி நின்னுபோச்சு, சிஸ்டர்,"
நல்ல சேதி சொல்பவர் போலச் சொன்னார்.
"தூங்கக்கூடச் செய்தேன்."

நான் டாக்டரின் முகத்தைப் பார்த்தேன்.

மடை அடைத்த வாய்க்காலில்
நீர் ஏறும், நாறும், பொங்கும்.
கரை உடைந்ததும் வாய்க்காலுக்கு நிம்மதிதான்.
வயலைக் கேட்க வேண்டும்.

அவள் மெல்ல அமுக்கினாள்; பல்லைக் கடித்தார்.
வெடுக்கென்று கையை எடுத்தாள்; கத்தினார்.
பலகையாக இருந்தது வயிறு.

துளைகள் போதவில்லை.
தொப்புளுக்கு மேலிருந்து கீழ்வரை ஒரே கோடு.
முதலில் வந்தது நாற்றம். பிறகு சீழ்.
அதற்கடியில் கறுத்து, கிழிந்து,
இருந்தது என்று சொல்லும்படி கொஞ்சம்.
கிண்ணத்தில் விழுந்தது மிளகளவு ஒரு மலக்கல்.
இதுதான் மடையை அடைத்தது.
வெந்நீர்ப் பதத்தில் உப்புநீர் ஊற்றினோம்,
உறிஞ்சினோம், ஊற்றினோம்,
தெளிந்து வரும்வரை பன்னிரண்டு லிட்டர்.

மணி இரண்டரை. மூடப் போகிறாள்.
எண்ணினேன். பத்தொன்பது.
மறுபடியும். பத்தொன்பது.
யாரும் பேசவில்லை. தகரம் மட்டும் அடித்துக்கொண்டது.
தரையில் இல்லை, வாளியில் இல்லை,
அவள் கை உள்ளே போய்த் தடவி
கல்லீரலின் மறைவிலிருந்து இழுத்தது,
ரத்தத்தில் ஊறி உடம்பின் நிறமாகவே மாறியிருந்த ஒன்றை.

இருபது.
என் முழங்கால் அப்போதுதான் நடுங்கியது.

அடுத்த வியாழன் தையல் பிரிக்க வந்தாள் லெயோனோர்.
அம்மா கையெழுத்துப் போடுவதற்குள்
படிக்கட்டுக் கைப்பிடியில் சறுக்கி இறங்கினாள்.
வாலை எடுத்தும் வால்தான்.
தாழ்வாரத்தில் அவர் நடை பழகிக்கொண்டிருந்தார்,
ஒரு கையில் வடிகுழாயின் பை.
சட்டையைத் தூக்கி மூன்று புள்ளிகளைக் காட்டினாள்.
அவர் தன் கோட்டைக் காட்டினார்.

"வலிச்சுதா?"
"நின்னதுக்கப்புறம்."
"எனக்கு ஒண்ணுமே வரல. முன்னாடியே எடுத்துட்டாங்க."
"எங்க பண்ணையிலும் அப்படித்தான்.
புழு வைக்கும் முன்னாடியே
குட்டிகளுக்கு வாலை நறுக்கிடுவோம்."

அவள் யோசித்தாள்.
"அதுங்ககிட்ட கேட்டீங்களா?"

எலெயுதேரியோ சிரிக்கப் பார்த்தார்.
தையல் விடவில்லை.