கூறினார்

தொண்ணூறடி ரோட்டுக்குப் பின்னால்
எங்கள் சாலின் கமிட்டி அறையில் ஒரே ஒரு ஃபேன்.
நாற்காலிகளுக்குக் காற்று,
தரையில் உட்கார்ந்தவர்களுக்குச் சத்தம்.

நான் கூட்டக் குறிப்பு எழுதுகிறவள்.
கையெழுத்துக்காகக் கிடைத்த பதவி.
ஓட்டு கிடையாது, டீ உண்டு.

பொருள்: பொதுக் கழிப்பறைக் கட்டணம்.
ஆண்கள் நின்று போனால் இலவசம்.
பெண்கள் எதற்குப் போனாலும் மூன்று ரூபாய்.

தங்கபுஷ்பம் எழுந்தாள்.
கையில் ஜூலை மாதக் காலண்டர் தாள்,
கட்டத்துக்குக் கட்டம் பால் கணக்கு மாதிரிக் கோடுகள்.
"நாங்க நாலு பொம்பளைங்க. முந்நூத்தி எழுவத்திரண்டு கோடு.
ஆயிரத்து நூத்திப் பதினாறு ரூபா.
எங்க வீட்டுக்காரருக்கு முப்பத்தியொரு கோடு."

பொருளாளர் அருள்ராஜ் சிரித்தார்.
"நீ உக்காரு. கணக்கு நாங்க பாத்துக்கிடுதோம்.
ஏசுவடியான், நீங்க சொல்லுங்க."

நீ. நீங்க.
இத்தனை சின்னக் கம்பு வேறெந்த வீட்டில் இருக்கிறது?
ஓங்க வேண்டாம். காட்டினால் போதும்.

"எனக்கும் நீங்கன்னு சொல்லுங்க.
பதில் பொறவு சொல்லலாம்" என்றாள்.
ஃபேனைவிடத் தணிந்த குரல்.
"மரியாதையாப் பேசு" என்றது பின்வரிசை,
அவளைப் பார்த்து.

(மேலே திரும்பிப் பாருங்கள், நானும்தான்.
எழுந்தாள் என்றேன். சிரித்தார் என்றேன்.
என் கையை யாரும் பிடித்திருக்கவில்லை.)

ஏசுவடியான் டாக்சி ஓட்டுகிறவர்,
சுற்றி வளைக்கத் தெரியாது.
"அக்கா, நான் உங்க கட்சி இல்ல.
மூணு ரூபாயை எடுத்தா டேங்கருக்கு யாரு குடுப்பா?
கோபத்துல கேக்கல. தெரியாமக் கேக்கேன்."

அறையில் முதல்முறையாக ஒரு கேள்வி.
தங்கபுஷ்பம் உடனே பதில் சொல்லவில்லை.
"அது நியாயம்" என்றார்.
காலண்டரைத் திருப்பிப் பின்பக்கம் பெருக்கினார்,
எல்லாருக்கும் ஒரு ரூபாய், ஆணுக்கும், நின்றாலும்.
இரண்டு பேரும் ஒரே தாளின்மேல் குனிந்தார்கள்.
கணக்கு உதைத்தது. நானூறு ரூபாய் குறைந்தது.
ஏசுவடியான் ஜெயித்த முகம் காட்டவில்லை,
பேனாவைத் திருப்பிக் கொடுத்தார்.

அப்போதுதான் வாசலில் இருந்து ஒரு குரல்.
கழிப்பறை கழுவுகிறவர், பாதி இந்தி, பாதி நம் தமிழ்.
"டேங்கர் தண்ணி பாதி எங்க போகுது, நான் சொல்லவா?
தினமும் உங்க வண்டிங்க குளிக்குது.
நான்தான் குழாய் மூடுறேன்."

"அது சம்பளத்துக்கு வந்திருக்கு" என்றார் அருள்ராஜ்
யாரிடமோ.

அது.
நாற்பது நிமிடம் சமத்துவம் பேசியிருந்தோம்,
அவர் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தார்.
தங்கபுஷ்பமும் கவனிக்கவில்லை. நானும்.
என் நோட்டில் "துப்புரவு" என்று எழுதியிருந்தேன்,
அடுத்த சொல்லுக்குப் பேனா நின்றது.
ஆறு வருடம். பெயர் தெரியாது.

எழுந்து போய்க் கேட்டேன்.
சவிதா காம்ப்ளே.
எழுத்துக் கூட்டிச் சொன்னார், பேங்க்கில் சொல்வதுபோல.

முடிவு ஒத்திவைக்கப்பட்டது.
கட்டணம் இன்றைக்கும் மூன்று ரூபாய்தான்.

ஆனால் எங்கள் கமிட்டியில் ஒரு வழக்கம்,
போன கூட்டத்தின் குறிப்பைப் பொருளாளர் உரக்க வாசிக்க வேண்டும்.

"தங்கபுஷ்பம் கணக்கு சமர்ப்பித்தார்.
ஏசுவடியான் மறுத்துக் கூறினார்.
தங்கபுஷ்பம் அதை ஏற்றுக்கொண்டார்.
சவிதா காம்ப்ளே..."
இருமினார்.
தண்ணீர் குடித்தார்.
தாளில் இருந்ததோ ஒரே ஒரு வழி,
ர், அதன் தலையில் எல்லாருக்கும் வைத்த அதே புள்ளி.
"...கூறினார்."

தாளை மடித்தார்.
"ஏட்டி, அடுத்த பொருள் என்ன?"

நோட்டில் அதற்குச் சொல் கிடைக்கவில்லை.
பொருளாளர் கேட்டார் என்று எழுதினேன்.
அவருக்கும் ஓர் எழுத்துக் குறைக்கவில்லை.