உள்ளூர் விலை

காலை எட்டுக்குத் திறக்கும்.
மூன்றரையோடு சீட்டுக் கிழிப்பது நிற்கும்.
ஐந்துக்குள் எல்லாரும் மேலே ஏறிவிட வேண்டும்,
விசில் ஊதினால் மறுபேச்சில்லை.
ஆற்றில் தண்ணி கூடினால்
எந்த நேரமும் கேற்றைப் பூட்டுவார்கள்.
காசு திரும்பாது.

இவ்வளவும் தொலைபேசியில் கேட்டறிந்தது,
வெள்ளவத்தையில், ஐந்தாம் மாடி பல்கனியில்,
ரயில் இரைந்து போகும்வரை
இரண்டு தரம் பொறுத்திருந்து.
மறுமுனையில் இருந்தவர் திலகசிறி.
அவருடைய ஒவ்வொரு வசனத்துக்குப் பின்னாலும்
ஆறு விழுந்துகொண்டிருந்தது.
களனிதான்.
இங்கே முகத்துவாரத்தில் சப்பென்று கடலில் முடிகிற அதே ஆறு,
அங்கே இரண்டு பாறைக்கு நடுவில்
தோளை ஒடுக்கிக்கொண்டு போகுமாம்.

என்னுடைய சிங்களம் இலக்கங்களில் தடுக்காது,
இருபது வருசம் வங்கிக் கவுண்டரில் இருந்த நாக்கு.
"எத்தனை பேர்?"
ஐந்து.
"எல்லாரும் நம்மவர்களா?"

விலைக்காகத்தான் கேட்டார்.
உள்ளூராருக்கு இருநூறு.
வெளிநாட்டாருக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு,
பாஸ்போர்ட் இலக்கம் கொப்பியில் எழுத வேண்டும்.

கலண்டர்த் தாளின் பின்பக்கம் கணக்கு:
நான், தவயோகன், மகன், அறுநூறு.
ஸ்காபரோவிலிருந்து வரும் அக்கா, அவள் மகள், ஐயாயிரம்.
பன்னிரண்டுக்குக் கீழே என்றால் பாதியாம்.
ஆதிரைக்குப் பதினாறு,
கொஞ்சம் பிந்திப் பிறந்திருக்கலாம்.
வழிகாட்டி கட்டாயம், ஆயிரத்து ஐந்நூறு.
மிதப்புச் சட்டை ஐந்து, அதுவும் ஆயிரத்து ஐந்நூறு.
நிலாமின் வான், எண்ணெயோடு இருபத்து நாலாயிரம்.
கூட்டினால் முப்பத்திரண்டாயிரத்து அறுநூறு.
தவயோகன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
"கல்கிசையில் கடலைச் சும்மா பார்க்கலாம்" என்றார்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது.
அலுமாரியில், உறுதிக் கட்டுக்கு அடியில்,
அக்காவின் அடையாள அட்டை கிடக்கிறது.
உறை மஞ்சளாகி விட்டது.
இரண்டு காதும் தெரியத் தலையை வாரி,
ஸ்டூடியோக்காரன் சொன்னபடி சிரிக்காமல்,
பத்தொன்பது வயசில் அவள்.
பிறந்த இடம் சாவகச்சேரி.
நாலு சிங்களம் நான் கதைத்து இதை நீட்டினால்
அவளுக்கும் இருநூறு.
இரண்டாயிரத்து முந்நூறு மிச்சம்,
மத்தியானச் சோறு அதிலே முடியும்.

இரவு சொன்னேன்.
அங்கே காலை, கோப்பி மெசின் உறுமியது.
சிரிப்பாள் என்றுதான் நினைத்தேன்.

"அதைக் கொண்டுவராதை.
காலி வீதியில பஸ்ஸால இறக்கி இறக்கி
எத்தினை தரம் நீட்டினனான்.
ஊரை வாசிப்பான், முகத்தைப் பார்ப்பான்,
திருப்பியும் ஊரை வாசிப்பான்.
லொட்ஜில நித்திரையால எழுப்பி
பொலிஸ் பதிவுத் துண்டோட சேர்த்துக் கேப்பான்.
இனி ஒரு கேற்றிலயும் நான் அதை நீட்டமாட்டன்.
ரண்டாயிரத்து ஐந்நூறு எண்டால் குடுப்பம்.
காசைக் குடுத்தால்
ஆரெண்டு கேக்காமல் விடுவினம்தானே?"

விடுவினம் என்றேன்.
கொப்பியையும் பாஸ்போர்ட் இலக்கத்தையும்
நான் சொல்லவில்லை.

போயாவுக்குச் சனம் நெரியும், வேண்டாம்.
செவ்வாய்.
விடிய நாலரைக்கு நிலாம் வாசலில் நிற்பார்.
அவிசாவளையில் தேத்தண்ணி,
எட்டுக்கு முதல் கேற்றடி.
மழை வந்தால் வந்த வழியே திரும்பி வருவது,
அந்த இருபத்து நாலாயிரத்தோடு.

எல்லாம் முடிந்து வைக்கப்போக
ஆதிரை போனைப் பறித்தாள்.
எங்கேயோ வாசித்திருக்கிறாள்,
அரைத் தமிழில் அவசரமாய்க் கேட்டாள்:
"சித்தி, அட்டை ஒட்டினா என்ன செய்யிறது?"

பிடித்து இழுக்கக்கூடாது பிள்ளை.
உப்புக் கொண்டுபோவம்.
போட்டால் தானாய் விழும்,
கொஞ்சநேரம் ரத்தம் மட்டும் நிற்காது.

உப்பு என்று தாளில் எழுதினேன்.
அதற்கு விலை போடவில்லை.