மேக் ஓவர்

கல்முனை பிரதான வீதியில்
எங்கள் நொத்தாரிசு கந்தோரின் மேல்மாடி
மணப்பெண் அலங்காரக் கடை.
பலகையில் 'பிரைடல் மேக் ஓவர்'.
படிக்கட்டு இரண்டுக்கும் ஒன்றுதான்.
ஸ்பிரே வாசம் இறங்கி வரும்,
கடதாசித் தூசி ஏறிப்போகும்.

இன்று மொழிபெயர்க்கக் கிடைத்தது
முப்பத்தெட்டாம் ஆண்டு ஆங்கில உறுதி.
இருபத்தொரு பேர்ச்சஸ், வடக்கே அகமதுலெவ்வையின் வேலி,
கிழக்கே கடல்.
(கடல் மட்டும் எழுதிய இடத்தில் நிற்கவில்லை.)
ஆசியாஉம்மா ஆகிய நான்
என் மகளுக்கு இத்தால்
மேக் ஓவர் செய்கிறேன்.

மேக் என்றால் செய்.
ஓவர் என்றால் மேலே, தாண்டி, முடிந்தது.
"ஆறு பந்து" என்றான் பியோன் நிப்றாஸ்.

அட்டை கழன்ற அகராதி சொன்னது:
ஒன்று, உரித்தை இன்னொருவர் பேருக்கு ஆக்குதல்.
இரண்டு, பழைய உடுப்பைப் பிரித்துத் தைத்தல்.
முகம் பற்றி ஒன்றுமில்லை;
மேல்மாடி கட்டுவதற்கு முந்திய அகராதி.

'ஒப்படைக்கிறேன்' என்று எழுதினேன்.
ஒப்படைத்ததைத் திருப்பிக் கேட்கலாமே. வெட்டினேன்.
'பாரங் கொடுக்கிறேன்.'
மகளையா, வளவையா? வெட்டினேன்.
'ஆக்கிக் கொடுக்கிறேன்.'
சோறு மாதிரிக் கிடந்தது. அதையும்.

அதே வளவை இப்போது தன் மகளுக்கு எழுத வந்த
ஜெஸீலா வாங்கில் இருந்து கேட்டார்:
"அந்த இங்கிலீசில உம்மாக்காரிக்கு
அடுப்படியாவது மிஞ்சினதா கா?"
தேடிப் பார்த்தேன்.
இல்லை.

"சீவிய உரித்துப் போடவா?" என்றார் நொத்தாரிசு.
"வேணாம் சேர். மாப்பிள்ள வீட்டார்
மறுகா ஒருமாதிரி நினைப்பாங்க."

ஏற்றுக்கொண்டேன் என்று கையொப்பம் வைக்க
மேலிருந்து இறங்கி வந்தாள் சர்பினா,
ஒரு கண் முடிந்து, மறு கண் தொடங்காமல்.
ஜெஸீலா யாரோ என்று வாங்கில் ஒதுங்கி இடம் விட்டார்.
"உம்மா, நான்தான்."

நின்றபடியே வாசித்தாள்,
புதியதை, பிறகு பழையதை,
வரிக்கு வரி விரல் வைத்து.
"உம்மாட வரி எங்க?
அதப் போடாட்டி நான் ஒப்பம் வைக்கமாட்டன்.
கெதியாப் போடுங்க, மற்றக் கண் காயுது."

போட்டோம்.
'உரித்து மாற்றுகிறேன்' என்று நானும்
ஒருவழியாய் எழுதி முடித்தேன்.

அவள் படியேறிய பிறகுதான் கண்டோம்,
முப்பத்தெட்டாம் ஆண்டின் ஓரத்தில்
கன்னத்து நிறத்தில் ஒரு விரலடையாளம்.
சாட்சியில்லாதது, சட்டப்படி செல்லாது.
துடைக்கச் சொன்னார் நொத்தாரிசு.
நிப்றாஸ் துடைக்கிறான்,
துடைக்கத் துடைக்கப்
பரவுது.