நூற்று நாற்பது உருப்படி

முந்தின நாளே அழுக்காக்கி வைப்பது என் வேலை.
பசலைக்கீரை, ஓட்ஸ் கஞ்சி, முட்டையின் மஞ்சள்,
கோப்பை அடியில் தேநீர் வளையம்.
எண்பது டிகிரி அடுப்பில் இரண்டு மணி நேரம்
காயவிட வேண்டும்,
நகத்தால் சுரண்டினாலும் வராதபடி.
பாத்திரத்தைப் பாழாக்கச் சம்பளமா என்று சிரிப்பான்
ரூப்ரெக்ட், என் கணவன்.

காஸெல் ஊரில், ரயில் பாதைக்குப் பின்னால்
ஜன்னலே இல்லாத அறை.
குழாயின் தொண்டையில் ஒரு மீட்டர்,
தொட்டிக்கு நேர்மேலே காமிரா.
வருகிறவர்களிடம் ஒன்றுதான் சொல்வோம்:
"வீட்டில் எப்படியோ அப்படி."
அதற்கும் முன்னால் ஒரு படிவம்:
நீங்கள் தண்ணீரை எப்படிச் செலவழிப்பவர்?
இதுவரை எல்லோரும் எழுதியது
சிக்கனமாக.

பில்பாவோவிலிருந்து வந்த இட்சியார்
முதல் பத்து நிமிடம் காமிராவுக்காகக் கழுவினாள்.
ஒரே ஸ்பூனை மூன்று தரம் தேய்த்தாள்.
பதினோராம் நிமிடம் ஏதோ முணுமுணுப்பு;
கை தன் வீட்டுக்குப் போய்விட்டது.
குழாய் திறந்தது, திறந்தபடியே இருந்தது,
சோப்பு போடும்போதும் தட்டை அடுக்கும்போதும்
மூக்கைத் தோளில் தேய்த்துக்கொண்டபோதும்,
வெந்நீராகவே.
நூற்று எழுபது லிட்டர்.
பணத்தைத் தண்ணீராய் இறைப்பவர்கள் உண்டு.
தண்ணீரைத் தண்ணீராகவே இறைப்பதற்கு
உவமை தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

ஸ்வான்சீ ஆல்வின் சொந்தப் பிளாஸ்டிக் தொட்டியோடு வந்தார்.
ஒரே தொட்டி, கை சிவக்கும் சூடு,
இருபத்து மூன்று லிட்டர்.
நுரையோடு சாய்த்து வைத்துத் துணியால் துடைத்துவிட்டார்.
அலசவில்லையே என்று நாங்கள் கேட்கக் கூடாது.
கடைசித் தட்டை முக்கியபோது அந்தத் தண்ணீர்
அநேகமாகக் கீரை சூப்.
ஹன்னெலோரெ விளக்கடியில் தட்டைப் பிடித்தாள்:
ஐந்துக்கு இரண்டு.

கைசேரியின் நூர்ஹயாத் பச்சைத் தண்ணீரிலேயே முடித்தாள்.
தொண்ணூறு லிட்டர்; மின்சாரம் பூஜ்யம்.
கருவி கெட்டுவிட்டதோ என்று
நான் தட்டிப் பார்த்தேன்.
அவள் விரல்களைப் பார்த்திருந்தால் போதும்.

வூட்ஜ் நகரத்து போகுமில்
காகிதத்தால் எல்லாத் தட்டையும் முதலில் வழித்தார்,
சட்டிகளில் கொஞ்சம் வெந்நீர் விட்டார்,
பிறகு உட்கார்ந்துவிட்டார்.
சட்டைப்பையிலிருந்து மடித்த குறுக்கெழுத்து.
இருபது நிமிடம் காமிராவில்
ஒருவரும் கழுவவில்லை.
நாற்பத்தோரு லிட்டர், ஐந்துக்கு ஐந்து.
ஆனால் நேரப் பத்தியில் அவர்தான் கடைசி.
ஊறவைப்பதற்கு எங்கள் படிவத்தில் கட்டம் கிடையாது.
"சும்மா இருந்தார்" என்று ஓரத்தில் எழுதினேன்.
மேலதிகாரி அதை அடித்துவிட்டார்.

சாயங்காலம் எல்லோர் கழுவியதையும்
மறுபடி இயந்திரத்தில் அடுக்குவேன்,
நாளைக்கு அழுக்காக்குவதற்கு முன்
சுத்தமாக இருந்தாக வேண்டுமாம்.
பதினைந்து லிட்டரில் அது முடித்துவிடுகிறது,
யாரும் பார்க்கிறார்களா என்று பார்க்காமல்.

வீட்டில் அன்று இரண்டே கோப்பை.
தோளில் போனை இடுக்கிக்கொண்டு தங்கையோடு பேச்சு:
அவள் வாடகை, அவள் பல்வலி,
யாரோ ஒரு யோஆகிமின் மீது கோபம்.
ஜன்னலுக்கு வெளியே பனி
பெய்வதா நிற்பதா என்றிருந்தது.
மணிக்கட்டில் வெந்நீர் இதமாக விழுந்துகொண்டிருந்தது.
கோப்பைகள் எப்போதோ சுத்தமாகிவிட்டன.
நான் கழுவிக்கொண்டிருந்தது
குளிரை.

கீழே நிலவறையில் கொதிகலன் உறுமியது.
அந்தச் சத்தத்தில்தான் குழாய் நினைவு வந்தது.

ரூப்ரெக்ட் அடுத்த அறையிலிருந்து கேட்டான்:
"எத்தனை லிட்டர்?"

"பத்து இருக்கும்" என்றேன்.
பழக்கதோஷம்.