மூன்றாம் மாடி

பூடோவில் பனி பக்கவாட்டில் பெய்யும்.
அதைவிடக் குளிர்
எங்கள் மூன்றாம் மாடியின் கோடி அறை என்பார்கள்.
தலைமை விமானி ராக்ன்ஹில்ட் த்வைட்.
அவள் எண் கைப்பேசியில் மின்னினால்
பாதி விழுங்கிய மீன்
தொண்டையிலேயே நின்றுவிடுமாம்.
நிர்வாகத்தின் பூனை என்பான் ஒருவன்.
நம்மில் ஒருத்தியாய் இருந்தவள்தானே என்பான் இன்னொருவன்.
அதுதான் பெரிய வசை.

நான் பணிப்பட்டியல் போடுகிறவன்.
சுவருக்கு இந்தப் பக்கம் என் மேசை.

வியாழக்கிழமை
லோஃபோட்டன் தீவுக்குப் போன எஸ்கில்
ஓடுபாதை விளக்குகளைப் பார்த்த பிறகும்
இறங்காமல் திரும்பினான்.
பதினொரு பேர், ஒரு சவப்பெட்டி,
அதற்காகத் தீவில் காத்திருந்த ஒரு தேவாலயம்.
காற்றோ வரம்புக்கு இரண்டு நாட் உள்ளேதான்.

மேலிடம் தொலைபேசியில் கணக்குக் கேட்டது.
சுவர் வழியே அவள் குரல்:
"திரும்பச் சொன்னது நான்."

சொல்லவில்லை.
அந்த நேரம் அவள்
பல் மருத்துவரிடம் வாயைத் திறந்து கிடந்தாள்.
விடுப்பைப் பதிந்தவனே நான்.

பிறகு எஸ்கிலை அழைத்தாள்.
நாற்பது நிமிடம்.
காது சிவந்து வெளியே வந்தான்.
எரிபொருள் பதிவேட்டில் மூன்று கட்டங்கள் காலியாம்,
கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கிறதாம்.
"மனுஷியா இவள்?" என்றது உணவுக்கூடம்.
நான் உருளைக்கிழங்கைப் பிட்டுக்கொண்டிருந்தேன்.

மாலை, எல்லோரும் போனபின்,
பட்டியலைத் திறந்து ஒரே ஒரு கட்டத்தைத் திருத்தினேன்:
வியாழன். த்வைட். பணியில்.

காலையில் என் மேசைமேல் ஒரு கடிதம்.
அனுமதியின்றிப் பதிவேட்டைத் திருத்தியது ஏன்?
எழுத்தில் விளக்கம் தேவை,
நண்பகலுக்குள்.