எடைக் கொட்டகை

மதுரையில் ஏறினால் நாற்பது நிமிடம்.
கம்பம் பள்ளத்தாக்கு முழுக்கப் பச்சைச் சதுரங்கள்,
பிறகு மலை
முகத்துக்கு நேரே எழுந்து நிற்கும்.
அதன் இடுக்கில் ஒரு வழி உண்டு.
பத்து மணிவரை திறந்திருக்கும்.
பதினொன்றுக்கு மேகம் வந்து
கடைக்காரன் பலகை போடுவதுபோல
ஒவ்வொன்றாக அடைக்கும்.

மஞ்சக்கானம் எஸ்டேட் மேட்டில்
நானூற்றைம்பது கஜம் புல்.
அதைத்தான் விமானத்தளம் என்று
மூன்று கம்பெனிகள் சேர்ந்து
காகிதத்தில் எழுதியிருந்தார்கள்.
அவுசேப்பு குடையை விரித்து விரித்து மூடினால்
மாடுகளை விரட்டியாயிற்று என்று பொருள்.
விரித்தபடியே நின்றால்
மழை, இறங்காதே.
காற்றின் திசை காட்ட
மூங்கில் உச்சியில் ஒரு சிவப்புப் பாவாடை.
யாருடையது என்று கேட்டால்
எல்லாரும் சிரிப்பார்கள்.

கேரளா எங்கே தொடங்குகிறது என்று
பக்கத்தில் உட்கார்ந்த மேனேஜர் மகன்
ஒருமுறை கேட்டான்.
காய்ந்த சரிவு முடிந்து
ஈரம் தொடங்கும் இடத்தைக் காட்டினேன்.
பொய்தான்.
கோடு அதற்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்
அலைந்துகொண்டிருந்தது.

என்னென்னவோ ஏற்றியிருக்கிறேன்.
மயில்துத்தம், சம்பளப் பெட்டி,
ஐஸில் வைத்த பாம்புக்கடி மருந்து.
ஒருதரம் இருநூறு கோழிக்குஞ்சு.
இறங்கும்வரை ஒன்றுகூடக் கத்தவில்லை.

எழுபத்து மூன்று, ஆடி.
குமுளிச் சாலை மூன்று இடத்தில் சரிந்து கிடந்தது.
லயத்தில் மஞ்சள்காமாலை.
நாலு பேரை உடனே
பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

எடை பார்க்காமல் நான் ஏற்றுவதில்லை.
தராசு வேறெங்கே இருக்கிறது?
கொழுந்து நிறுக்கும் கொட்டகைக் கொக்கியில்
பலகை ஒன்றைக் கட்டி
ஒவ்வொருவராக உட்காரவைத்து
கணக்கர் தேவசகாயம் சத்தமாகப் படித்தார்.
முப்பத்தெட்டு. நாற்பத்தொன்று.
பென்சிலால் எழுதிக்கொண்டேன்.
காமாலை இளைக்க வைத்துவிட்டது,
பாவம், என்றும் நினைத்துக்கொண்டேன்.
மிச்சமிருந்த எடைக்கு
ஏலத்துக்குப் போகவேண்டிய தேயிலை என்றார் மேனேஜர்.
அதையும் அதே கொக்கியில்.

புல்லின் பாதியில் வால் எழ வேண்டும்.
எழவில்லை.
முக்கால்வாசி தாண்டி எழுந்தது,
மனமில்லாமல்.
முனையில் வரிசையாகச் சில்வர் ஓக்,
அதற்கப்பால் தரை கிடையாது.
கணக்கை மனதில் திரும்பக் கூட்டினேன்,
சரியாக வந்தது.
கூட்டல் சரியாக இருந்தும் சாகப்போகிறோம் என்பதில்
பயத்தைவிட எரிச்சல்தான் அதிகம்.
கிளைகள் வயிற்றில் உரசின.
விழுந்தோம்.
விழுந்ததில் வேகம் கிடைத்தது,
வேகத்தில் காற்று.
பள்ளத்தின் பாதி ஆழத்தில்தான்
விமானம் விமானமாயிற்று.
பின்னால் ஒரு சத்தமில்லை.

மதுரையில்
சக்கரத்தில் சிக்கிய இலைகளைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.
கடைசியாக இறங்கியவள் முப்பிடாதி,
கண்ணெல்லாம் மஞ்சள்.
என்ன சார் ஆச்சு?
எடை தப்பிவிட்டது.
எந்தத் தராசு?
உங்கள் கொழுந்துத் தராசுதான்.
ஆம்புலன்ஸ் கதவைப் பிடித்துக்கொண்டு
அவள் சிரிக்க ஆரம்பித்தாள்.
'ஏரோப்ளேனுக்குமா சார் கொறச்சுட்டான்?'
மற்ற மூன்று பேரும் சிரித்தார்கள்,
ஒருவர் வாந்தியெடுத்தபடியே.
எனக்குப் புரிய
கொஞ்ச நேரம் பிடித்தது.

பதினோரு வருஷம் அந்தக் கொக்கியில்
கூடை மாட்டியவள்.
ஒவ்வொரு சாயங்காலமும் எவ்வளவு காணாமல் போகிறது என்று
அவள் தோளுக்குத் தெரியும்.
எனக்கு ஒரே ஒரு காலை.
கை மூன்று நாள் நடுங்கியது.

மேனேஜரிடம் சொன்னேன்.
ஸ்பிரிங் துருப்பிடித்திருக்கும் என்றார்.
அடுத்த வாரம் புதுத் தராசு வந்தது.
'விமானத்துக்கு மட்டும்'
சிவப்புப் பெயிண்டில், இரண்டு மொழியில்.
கொழுந்து பழைய கொக்கியிலேயே தொங்கியது.
பக்கத்துப் பக்கத்தில் இரண்டும்.
நான் ஐந்து வருஷம்
புதியதில் எடை பார்த்துப் பறந்தேன்,
பேசாமல்.

பதிவேடு இன்னும் என்னிடம் இருக்கிறது.
அந்தத் தேதிக்கு நேராக என் கையெழுத்து:
பயணிகள் நால்வர். குறிப்பிட ஒன்றுமில்லை.

முப்பிடாதி பிழைத்துத் திரும்பினாளா,
தெரியாது.
போவதற்குத்தான் விமானம் கொடுப்பார்கள்.
திரும்புவதற்கு பஸ்.