லகர ளகரம்

சிம்மக்கல்லில் அபுதாகிர் அச்சகத்தின் மாடியில்
பக்கத்துக்குப் பன்னிரண்டு ரூபாய்க்கு
நான் பிழை பார்க்கிறேன்.
தட்டச்சு செய்வது ஜெசிந்தா, ஞானஒளிவுபுரத்துக்காரி.
மின்னல் விரல்.
ஆனால் நாக்கில் லகரமும் ளகரமும் ஒன்று;
நாக்கில் ஒன்றானது விரலிலும் ஒன்று.

"அறுபதடி தூரத்தில் புளி உறுமியது.
நான் துப்பாக்கியை உயர்த்தினேன்."

எழுதியவர் பூபதி துரை, காலமாகிவிட்டார்.
பேரன் காசு கொடுத்து அச்சிடுகிறான்.
முந்நூறு பக்கத்தில் நாற்பத்தொரு புலி சாகிறது.
ஒன்றுகூட நோஞ்சான் இல்லை,
ஒன்றுகூடத் திரும்பி ஓடவில்லை,
எல்லாம் பத்தடி நீளம்,
எல்லாம் அவரைப் பார்த்துப் பாய்ந்தவை.
நாற்பத்தொரு முறை பச்சை மையில்
ளகரத்தை அடித்து லகரம் போட்டேன்.
நான் திருத்தத் திருத்த அவர் சுட்டார்.

பிழையாகவே விட்டிருந்தால்
பிழைத்திருக்குமோ என்று ஒரு மத்தியானம் தோன்றியது,
கரண்ட் போய் மின்விசிறி நின்றிருந்தபோது.

அடுத்தது குழந்தைகளுக்கு, பதினாறு பக்கம்.
அதில் புலி பல் தேய்க்க மறுக்கிறது,
முயலுக்குப் பயந்து முள்ளுக்குள் ஓடுகிறது,
கடைசிப் பக்கத்தில் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்கிறது.
ஓவியர் வரிக்குப் பதிலாகப் புள்ளி வைத்திருக்கிறார்.
அது என் வேலை இல்லை.

பிறகு ஓர் ஆய்வேடு.
பழம்பாட்டில் வேங்கை என்றால்
எங்கே மரம், எங்கே மிருகம் என்று
நாற்பது பக்கம், நூற்றிருபது அடிக்குறிப்பு.
முடிவுரையில் பேராசிரியைக்கே சந்தேகம்:
பூ உதிர்ந்த பாறையைப் பார்த்து
யானை மிரண்டது பிழையா, படிப்பா?

என் பச்சை மை பொறுக்காமல் ஜெசிந்தா ஒருநாள்
ஒரே சொடுக்கில் எல்லாவற்றையும் மாற்றினாள்.
எல்லாவற்றையும் என்றால் எல்லாவற்றையும்.
செல்லூர் பத்மினி பாயின் சமையல் புத்தகத்தில்
"எலுமிச்சை அளவு புலியை வெந்நீரில் ஊறவைத்துக்
கரைத்து, சக்கையைப் பிழிந்து எறியவும்.
பழைய புலி என்றால் குழம்பு கறுத்துவிடும்."
அபுதாகிர் பாய் டீயைச் சிந்திச் சிரித்தார்.
ஜெசிந்தா அன்று சாப்பிடவில்லை.
நானும் சிரித்தேன்; பிறகு
துரையின் நாற்பத்தொன்றும்
இதே சமையல்தானே என்று நினைத்து நிறுத்தினேன்.

கடைசியாக வந்தது ஒச்சப்பனின் கையெழுத்துப் பிரதி.
சாப்டூர் மலையில் முப்பது வருஷம் வனக்காவலர்.
கட்டம் போட்ட கணக்கு நோட்டு, பென்சில்.
ஒருமுறைகூட அவர் புலியைப் பார்க்கவில்லை.
ஓடை மணலில் ஒரு கால்தடம்,
உள்ளே தேங்கிய நீரில் ஒரு தலைப்பிரட்டை.
எச்சத்தில் மிளாவின் மயிர்.
மரத்தில் கட்டிய கேமராவில்
வாலின் பாதியும் நிறைய இருட்டும்.
நூற்றெண்பது பக்கமும் "அது" என்றே எழுதுகிறார்,
பெயர் சொன்னால் திரும்பிப் பார்க்கும் என்பதுபோல.
திருத்த எனக்கு எதுவுமே இல்லை.

பக்கம் 112 தவிர.
ஜெசிந்தாவின் சொடுக்கு அங்கேயும் போயிருந்தது:

"அடிவாரத்துப் புலிய மரத்தில்
அது நகம் தீட்டியிருந்தது.
பட்டையில் ஈரம் காயவில்லை."

பச்சைப் பேனாவைத் திறந்தேன்.
கீழே பேரையூர் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது.
நகத்தால் கையெழுத்துப் போட்டு
அது வாங்கிக்கொண்ட மரத்தை
எந்த ளகரம் கொடுத்து மீட்பது?
மூடினேன்.

புத்தகம் வந்து நாலு மாதம்.
பிழை என்று ஒருவரும் கடிதம் போடவில்லை.
நூற்றுப்பன்னிரண்டாம் பக்கம் வரை
இன்னும் யாரும் நடந்து போகவில்லையோ என்னவோ.